வலி போன பிறகு

சாய்ந்தமருது

அன்பு மகன் ஹாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நான் முக்கால்வாசி சுகம், மிச்சக் கால்வாசியை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். போன மாதம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். எனக்கு விலாவில் நோவு வந்தது, கிட்னிக் கல்லென்று மருந்து தந்தாங்க, இப்ப ஒரு நோவும் இல்ல, பிறகு எதுக்கு வாப்பா திரும்பவும் டொக்டர்ட போகணும் என்று. நான் ம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். வாப்பாவுக்குக் கோபம் போல என்று ராத்தாவிடம் சொன்னாயாம். கோபமில்லை மகன், வாயில் தையல் இருந்தது. ஒப்பரேசன் முடிந்து அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயந்து, உனக்குச் சொல்லாதே என்று உன் ராத்தா பஸ்மிலாவிடம் நான்தான் சொன்னேன், அவளை ஏசாதே.

முந்தின வருடம் எனக்குக் கல் எடுத்தது உனக்குத் தெரியும். அதன் பிறகு நோவு வரவில்லை, நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று கிளினிக் போவதை விட்டேன். ஆனால் கல் நெடுநாள் இறுகிக் கிடந்த இடத்தில் சிறுநீர்க்குழாய் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வரம்பில் தண்ணீர் வெட்டிவிடும் வக்கடையைச் சேறு அடைத்தால் மேல்வயலில் தண்ணீர் ஏறி நின்று பயிர் அழுகும் அல்லவா, பயிர் சத்தம் போடாது. என் வலது சிறுநீரகம் அப்படித்தான் வீங்கி நின்றிருக்கிறது. பிரசருக்கு இரத்தம் சோதித்தபோதுதான் பிடிபட்டது. இன்னும் பிந்தியிருந்தால் அதை எடுத்தே இருப்போம் என்றார் பெரிய டொக்டர். சுருங்கிய துண்டு நீளமாம், வெட்டி முனைகளைச் சேர்த்துத் தைக்க எட்டாதாம். அதனால் குழாயைப் பிளந்து, கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டுப் போட்டார்கள், அந்தத் தோல் எந்நேரமும் ஈரத்தில் இருந்து பழகியது. சின்ன டொக்டர் பிள்ளை ஒருத்தி வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, சேர் எந்தப் பக்கம் வெத்திலை அதக்குவீங்க என்று கேட்டாள். வலது என்றேன். பார்த்தாலே விளங்குது சேர், இனி ரெண்டு பக்கமும் வேணாம் என்றாள். இடது கன்னத்தில்தான் எடுத்தார்கள். அடுத்த வீட்டு முஹ்ஸின் பார்க்க வந்து, சேர்ர கன்னம் இப்ப வகுத்துக்குள்ள இரிக்கி, இனி வாயப் பொத்தினாலும் உள்ளுக்குள்ள கதைச்சிட்டுத்தான் இரிப்பீங்க என்றான். நான் சிரிக்கவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழும்பிப் போன பிறகு ஒன்று விளங்கியது. உன் உம்மா மௌத்தானதிலிருந்து இந்த வீட்டில் நான் கதைப்பதே குறைவு. வாயைத் தைத்தும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பஸ்மிலா வரிப்பத்தான்சேனையில் வயல் வேலையை விட்டுவிட்டு பஸ்ஸில் கஞ்சி கொண்டு வருவாள், ஆறவைத்துத் தருவாள், பின்னேரம் போய்விடுவாள். வெத்திலைத் தட்டம் மேசையில் வெறுமனே கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை, உம்மா புழங்கியது.

சிறுநீர்க்குழாய்க்குள் வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வருகிற கிழமை கழற்றுவார்கள். ஒட்டு பிடித்ததா என்பது அதன் பிறகு எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும். கெட்டுப்போன பங்கு திரும்பாதாம், மிச்சம் தப்பினால் போதும். எனக்கு உன்னைப் பற்றித்தான் பயம். படிப்பித்த காலத்தில், வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடும் வாங்குப் பலகையைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்த வாங்கு திடீரென்று அடங்கினால் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். உன் கேள்விக்கு என் பதில் அதுதான் மகன். சிறுநீர் கழிக்கக் கிரேனிலிருந்து இறங்கி ஏற நேரம் போகும் என்று நீ பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்று உன்னோடு வேலை செய்யும் றிஸ்கான் சொன்னான். லீவு முடிந்து திரும்பும் அவன் கையில்தான் இதைத் தருகிறேன். ஒரு போத்தல் தண்ணீரை மேலே கொண்டு போ.

அல்லாஹ் உன் உடம்பையும் உழைப்பையும் பாதுகாத்து, உன்னை என் கண்ணுக்கு முன்னால் கொண்டு வந்து சேர்ப்பானாக, ஆமீன். வாய் ஆறிவிட்டது, அகலத் திறந்தால் இன்னும் இழுக்கிறது, நீளமாகக் கதைக்க வராது. வருகிற வெள்ளிக்கிழமை, நோவு இல்லாத உடம்போடேயே போய், ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு எனக்குப் போன் எடு. நீ கதை, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
வாப்பா