மழைக்கு வரும் குரல்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். பின்னேரம் இடி, அடைமழை. மாடியிலிருக்கும் டிஷ்ஷுக்கு சிக்னல் போயிற்று. வழமைபோல மெஷின் தானாகவே செல்வாவின் பதிவைப் போட்டது. நம்மிடம் கேபிள் எடுத்த எல்லா வீட்டு டிவியிலும் அவர் குரல்.

"அன்பான வாடிக்கையாளர்களே, மழையால சின்னத் தடங்கல். கொஞ்சம் பொறுங்க. இந்தா வந்துருவோம்."

முடிவில் ஒரு குட்டிக் குரல்: "அப்பா, முடிஞ்சிருச்சா?" மகள் காவ்யா. அப்போது முன்பள்ளி போய்க்கொண்டிருந்தாள். அதை வெட்டச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். இன்னும் மழைக்கு மழை வந்து, பொறுங்க என்கிறார்.

நாளைக்கு: பருப்பு, குளியலறை பல்ப், காவ்யாவின் குடை தைக்க.

10, வெள்ளி

ஃபைபர் இன்டர்நெட் கம்பனி ஆள் வந்தார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. நம் கம்பிப் பாதையையும் மிச்சமிருக்கும் வாடிக்கையாளர்களையும் எடுத்துக்கொள்வார்களாம். தீபாவளியோடு நம் ஒளிபரப்பு நிற்க வேண்டும். குண்டசாலையில் பாதி வீடுகள் ஏற்கெனவே லைனை வெட்டிவிட்டன. இனி வேறு யார் கேட்டு வரப்போகிறார்கள்.

காவ்யா பேராதனைக் கம்பஸிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"குடுத்துருங்கம்மா. இப்ப யாரு கேபிள் பாக்குறா?"

"எதிர்வீட்டு நஸீமா பாக்குறாங்களே."

"அந்த ஒரு சீரியலுக்கா? மவன் போன்ல போட்டுக் குடுத்தா அதுவும் முடிஞ்சிச்சு."

பிறகு, சப்பாத்தைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல்: "மழ பேஞ்சா எனக்கு வீட்டுக்கு வரப் பயமா இருக்கும்மா. அப்பா மட்டுமில்ல. நானும் உள்ள இருந்து கேக்குறேன், முடிஞ்சிருச்சான்னு."

மழை நாட்களில் அவள் பிந்தி வருவது பஸ்ஸினால் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

13, திங்கள்

மந்தாரம். மழை இல்லை. கேற்றடியில் நஸீமா.

"மெய்யா தங்கச்சி, லைன நிப்பாட்டப் போறீங்களாம்?"

"ஓமோம். இன்னும் நல்ல சேவை வருது."

"மௌத்தான மனிசன் மழைக்கு வந்து பேசுற சேவய எந்தக் கம்பனி தரும்?" சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "கோவிக்காதீங்க. எங்கட வாப்பாவுக்கு இப்ப எல்லாம் மறதி. போன மழைக்கும் கேட்டார், செல்வா தம்பி சொகமாண்டு. சொகம்டுதான் சொன்னேன்."

ஒருவருக்காவது அவர் சுகமாக இருக்கிறார்.

பதிவின் பிரதி என் போனில் உண்டு. ஒரு தடவை போட்டுக் கேட்டேன். வெறும் சத்தம். போனில் நான் அழைத்தால் வருகிறார். மழையில் அவராக வருகிறார்.

15, புதன்

கையெழுத்து வைத்துக் கொடுத்தாயிற்று. பிள்ளை மழையிலும் வீட்டுக்கு வரட்டும்.

தலையிடி. சமைக்கவில்லை. கடைப் பாண்.

21, செவ்வாய்

நேற்று தீபாவளி. முறுக்கு கருகிவிட்டது.

இன்று ஒளிபரப்பை நிறுத்தும் நாள். மேகமே இல்லை. காவ்யாவும் மாடி அறைக்கு வந்தாள். முதலில் மெஷினை நிறுத்துவது, பிறகுதான் டிஷ் வயரைக் கழற்றுவது. அப்படிச் செய்தால் அவர் பேசமாட்டார். நேற்றிரவே மனதில் முடிவுசெய்திருந்தேன். ஆனால் கை டிஷ் வயருக்குப் போயிற்று. டிஷ் முதல், மெஷின் கடைசி என்றுதான் அவர் பழக்கியிருந்தார்.

திரை கறுத்தது. பிறகு, "அன்பான வாடிக்கையாளர்களே..."

கொளுத்தும் வெயிலில், எல்லா வீட்டிலும்.

போன். நஸீமா. "தங்கச்சி, மழையே இல்லியே!" அவள் பின்னால் வாப்பாவின் குரல்: "செல்வா தம்பியா?"

காவ்யா ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். கதிரையில் உட்கார்ந்தாள். குட்டிக் குரல் கேட்டது, முடிஞ்சிருச்சா என்று. என் கை சுவிட்சில்.

"இன்னொரு தடவ ஓடட்டும்மா."

ஓடியது. பிறகு அவளே எழுந்து வந்து சுவிட்சைத் தட்டினாள்.

23, வியாழன்

பின்னேரம் அடைமழை. காவ்யா நேரத்தோடு வந்துவிட்டாள், முழுக்க நனைந்து. குடை இன்னும் தைக்கவில்லை.

இடி இடித்தது. இரண்டு பேருமே டிவியைப் பார்த்தோம். பிறகு அவள் போனில் ஏதோ படம் பார்க்கத் தொடங்கினாள்.

"நிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நல்லா ஓடுது."

மழை விடவில்லை. ஒரு தடங்கலும் இல்லை.