நாணல் என்று எழுதிய கம்பு

ஏப்ரல் 26, புதன்

கால்வாயில் இந்த வருஷம் பாதித் தண்ணீர்தான். விதைத்த தன் வயலுக்குக் காயலிலிருந்து இறைக்கலாமா என்று சிந்தா அக்கா கேட்டாள். "உப்பு மீட்டர் கதையெல்லாம் வேணாம் புள்ள. வடகாத்து அடிச்சா காயல் ரெண்டு நாளைக்கு நல்ல தண்ணியாத்தான் நடிக்கும். உன் பாசியக் கேட்டுச் சொல்லு."

சரியாகத்தான் சொல்கிறாள்; பாசியைப் படிப்பதுதான் என் வேலை. மீட்டர் இந்த நிமிஷத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் பாசி, தான் வளர்ந்த ஒரு மாதத்துத் தண்ணீரைச் சொல்லும். நன்னீரில் ஒரு வகை, உப்பில் வேறு வகை.

அந்தப் பாசியை அங்கேயே வளர்ந்த நாணல் தண்டில்தான் சுரண்ட வேண்டும். நாணலோரம் இடுப்பளவு சேறு. என் ரப்பர் கால்சட்டை வேறு ஒழுகுகிறது. படகுக்குப் பக்கத்திலேயே ப்ளாயின் வலைக் கம்புகள் நின்றன. (கடல்நீரைத் தடுக்கும் மதகின் சாவி வைத்திருக்கும் அதே ப்ளாய்.) குளிர்காலம் முழுக்க நின்றிருக்கும் என்று நானே முடிவு செய்து, அவற்றில் சுரண்டினேன். குறிப்பேட்டில் 'நாணல்' என்று எழுதினேன்.

ஏப்ரல் 29

நுண்ணோக்கியில் நானூறு பாசி ஓடுகள் எண்ணினேன். ஏறக்குறைய எல்லாமே நன்னீர் வகை. இறைக்கலாம் என்றேன். அக்கா இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஆறு வாத்து முட்டை கொடுத்தாள்.

மே 15

காயல் தண்ணீர் பாய்ந்த அக்காவின் பயிர் நுனி மஞ்சளாகிறது.

மே 18

வயல் முழுக்க வெளுத்துவிட்டது. மறுவிதைப்புக்கும் நாள் தாண்டிவிட்டது. ப்ளாய் மதகைத் திறந்துபோட்டுத் தூங்கியிருப்பான் என்று ஊரே பேசுகிறது. "பூட்டித்தான் வச்சேன்"ங்கிறார் அவர். யார் கேட்கிறார்கள்?

மே 19

இன்று சேற்றில் இறங்கி நிஜமான நாணலில் சுரண்டினேன். பாதிக்கு மேல் உப்பு வகை. இந்தப் பாசி ஒரே இரவில் வளராது; இறைக்கும் முன்பே காயல் உப்பேறிவிட்டது, மதகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ப்ளாயிடம் கம்புகளைப் பற்றி விசாரித்தேன். "அதா? நீ வர்றதுக்கு நாலு நாள் முன்னாடிதாம்மா, மேல்கால்வாய்ல நல்ல தண்ணில நின்னத புடுங்கியாந்து நட்டேன். ஏன் கேக்குற?"

சும்மாதான் என்றேன். சும்மாவா? என்ன பிறவி நான்.

மே 21, ஞாயிறு

பாசனக் கூட்டம். ப்ளாயிடமிருந்து மதகுச் சாவியை வாங்கிவிட்டார்கள். இடுப்பு வளையத்திலிருந்து கழற்ற அவருக்குக் கை வரவில்லை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாய் இருந்தது. திறக்கவில்லை.

மே 22

அக்கா கொடுத்த முட்டைகளில் இன்னும் இரண்டு இருக்கின்றன.

மே 24

அக்காவிடம் சொல்லிவிட்டேன். மோட்டார் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எதுக்கு நாணல்னு எழுதின?"

"சேத்துல எறங்கச் சோம்பல்க்கா."

"என் வயலுக்கு நான் அழுதுக்கறேன். அவன் சாவியப் புடுங்கினாங்களே, அப்ப நீ எங்க உக்காந்திருந்த?"

"மூணாவது வரிசை."

"அங்கயே போய் நின்னு சொல்லு."

மே 28, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்றேன். சொன்னேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ப்ளாய் என் பக்கம் திரும்பாமலே, "கம்பு என்னுதுதான், பொய் உன்னுது" என்றார். இவ்வளவு கூசிப்போய் நான் ஒருபோதும் நின்றதில்லை.

ஜூன் 9

விடிந்ததும் அக்கா வாசலில். மிச்சமிருக்கும் இரண்டு வயலுக்கும் கால்வாய்த் தண்ணீர் போதவில்லையாம். "வா, காயலுக்குப் போவோம்" என்றாள். என்னையா கூப்பிடுகிறாள் என்று திகைத்தேன்.

அவள் படகில் உட்கார்ந்துகொண்டாள். நான் இடுப்பளவு சேற்றில் போய், ஐந்து நாணல் தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டித் தூக்கிக் காட்டினேன். வேரோடு ஒன்றைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். எழுதலாம் என்று படகுக்கு வந்தபோது குறிப்பேடும் பென்சிலும் அவள் மடியில் இருந்தன. எனக்குத் தரவில்லை. அவளே எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

'நாணல். நான் பார்த்தேன். சிந்தா.'