மூன்றாவது அறை, நிலைக்கு மேலே

என் அன்புள்ள லூர்து டீச்சர் அம்மாவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய்.

எப்படி இருக்கிறாய், அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் பிறகு கேட்கிறேன். முதலில் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஐம்பது வருஷ வழக்கு உன் பக்கம் தீர்ந்துவிட்டது. அப்பா தன் வாயால் ஒப்புக்கொண்டார். உன் மகனும் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தான், இரண்டு சாட்சி இருக்கிறது.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் உன்னை நாலு பேர் நடுவில் உட்காரவைத்துத்தானே கேலி செய்தோம்? அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். கதை தெரியாதவர்களும் இருப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பள்ளத்தூரில் அந்தப் பெரிய செட்டியார் வீடு. முன் தெருவில் தலைவாசல், பின் தெருவில் கொல்லைவாசல், நடுவில் ஒரு தெரு நீளத்துக்கு வீடு. வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியூரில் இருந்ததால் முகப்பில் டைப் வகுப்பு நடத்த அப்பாவுக்கு இடம் கொடுத்தார்கள். உள்ளே முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவில் நீ பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாய். அந்தோணி மாஸ்டரும் லூர்து டீச்சரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வழியில்லை.

மாஸ்டர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வளவுக்குள் வந்து, உன் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போனார். முதல் கடிதத்திலேயே பதிலை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்: வளவில் வலதுகைப் பக்கம் மூன்றாவது அறை, கதவு நிலைக்கு மேலே.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் இரண்டு கட்சி. அப்பா கட்சி: நாலு மாதம் எழுதினார், ஒரு பதிலும் வரவில்லை, வெட்கத்தை விட்டு நேரில் போய்ப் பெண் கேட்டார். உன் கட்சி: ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதினாய், சொன்ன இடத்தில் வைத்தாய்.

கல்யாண நாள், கிறிஸ்துமஸ், எங்கள் புதுநன்மை, பேரப்பிள்ளைகள் ஞானஸ்நானம், எது வந்தாலும் இந்த வழக்கு விசாரணைக்கு வந்துவிடும். அப்பா சொல்கிற கடைசி வரி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். "பதில் போடாத பொண்ணு, நான் போன அன்னைக்குப் பணியாரம் மட்டும் சுட்டு வச்சிருந்தா." எல்லாரும் சிரிப்போம். நீயும் சிரித்துக்கொண்டே சொல்வாய், "நான் வச்சேன். இவுகளுக்குத்தேன் எடுக்கத் தெரியலை." அதற்கும் சிரிப்போம். அந்தப் பணியாரமே ஒரு சாட்சிதானே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நீ விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறாய் என்று நினைத்திருந்தேன், ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் வரைக்கும். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாயே, "அவுக கடைசி வரைக்கும் நம்பலை பாத்தியா. நீயாச்சும் நம்புறியா?" நான் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "நம்புறேன்மா, நம்புறேன்" என்றேன். மாத்திரை விழுங்கவைக்கப் பிள்ளைகளிடம் சொல்கிற குரலில் சொன்னேன். உனக்குத் தெரியாதா என் குரல்? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மூன்று வருஷமாக அந்தத் திரும்பின முகம் எனக்குள்ளேயே கிடந்தது அம்மா.

சரி, சந்தோஷமான சேதிக்கு வருகிறேன்.

உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பங்காளிச் சண்டையில் பூட்டிப்போட்ட அந்த வீட்டை இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். ஹோட்டலாக மாற்றப்போகிறார்களாம். வயரிங் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று காரைக்குடியில் என் கடைக்கு வந்து சொன்னார்கள். எந்த வீடு என்று கேட்டதுமே ஒத்துக்கொண்டேன். உன் மகள் இன்னும் ஏணியில்தான் நிற்கிறாள், கவலைப்படாதே, செருப்பு போட்டுத்தான் ஏறுகிறேன்.

முதல் நாளே என்ன செய்தேன் தெரியுமா? தலைவாசல் வழியாகப் போனேன், வளவில் வலதுகைப் பக்கம் மூன்றாவது அறை. நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கின பலகை. ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து, பலகைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். தூசியும் ஒரு பல்லி முட்டையும்தான் இருந்தன. இறங்கும்போது எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது, அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று.

மூன்று வாரம் போயிருக்கும். என்னிடம் வேலை பார்க்கிற பாண்டி, எதிர்ப்பக்கத்து அறை ஒன்றின் நிலைக்கு மேலே, பலகையை ஒட்டி வயர் ஓடின பழைய மர கேசிங்கைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, எலி கூடு கட்டியிருக்கு போல. நூலும் பேப்பருமா கெடக்கு" என்றார். கையில் வாங்கினேன். ஜாக்கெட் அளவு வெட்டுகிற பழுப்புப் பேப்பர், விரல் தடிமனுக்குச் சுருட்டி, நூலால் கட்டியிருந்தது. ஆறு சுருள். சிவப்பு நூல், பச்சை நூல், மஞ்சள், நீலம், இன்னொரு பச்சை, வெள்ளை.

முதல் சுருளைப் பிரித்தேன். அடியில் பெயர் இல்லை. கையெழுத்து போடுகிற இடத்தில் சிவப்பு நூலில் ஒரு சின்னக் குறுக்குத் தையல். என் பள்ளிக்கூடச் சட்டைக் காலருக்கு உள்ளே, தம்பி சகாயத்தின் கால்சட்டை இடுப்பில், அப்பாவின் கைக்குட்டை ஓரத்தில், நம் வீட்டுத் துணி எல்லாவற்றிலும் நீ போட்ட அதே தையல். வேறு யாருடையதாக இருக்கும்?

"அக்கா, அழுகுறீகளா, சிரிக்கிறீகளா? மெயினை ஆஃப் பண்ணட்டுமா?" என்று பாண்டி கேட்டார். ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம்.

ஹோட்டல் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் விருந்தாளிகளுக்குப் பிடிக்குமே என்றார். "எங்க அம்மா பேச்சு எங்க வீட்டுக்குத்தேன் சார்" என்று சொல்லி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நல்ல மனுஷர், மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. ஏன் எதிர்ப்பக்கத்து அறை? மறுநாள் காலையில் முகப்பில் தரைக்கல் பதித்துக்கொண்டிருந்ததால், கொல்லைவாசல் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. அடுப்படி தாண்டி வளவில் கால் வைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். அம்மா, நீ இந்த வழியாகத்தானே வருவாய்?

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "பழைய வீட்டைப் பாக்க வாரீகளா?" என்று மட்டும் கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். எண்பது வயசு, ஏறும்போது மட்டும் இருபது.

தலைவாசல் வழியாகக் கூட்டிப்போனேன். "மூணாவது அறை எதுப்பா?" என்றேன். வலதுகைப் பக்கமாக எண்ணிக்கொண்டே நடந்து மூன்றாவது கதவில் கை வைத்தார். "இதேன். நாலு மாசம் தெனமும் தடவிப் பாத்த நிலையாச்சே. உங்கம்மா ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கலை." சிரிப்பதற்காக என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்பா, தையல் படிக்கிற பிள்ளைகளும் அம்மாவும் எந்த வாசல்ல வருவாக?"

"பொம்பளைப் பிள்ளைக பின் தெருவுலருந்துதேன் வரணும். முகப்புல நாங்க ஆம்பளைக இருக்கோம்ல. அதேன் அந்த வீட்டுச் சட்டம்."

சொல்லி முடித்ததும் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்னைக் கேட்காமலே நடந்தார். வளவைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, கொல்லைவாசல் வரை போய்த் திரும்பினார். தையல் டீச்சர் வருகிற மாதிரி உள்ளே வந்தார். வலதுகைப் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்துக்கு ஐந்து அறை என்பதால் இரண்டு பேருடைய மூன்றாவது அறையும் நடு அறைதான். முற்றத்துக்கு இந்தப் பக்கம் உன் கதவு, அந்தப் பக்கம் நேர் எதிரே அவருடைய கதவு.

"இங்குட்டிருந்து வந்தா இதுல்ல மூணாவது" என்றார். எனக்கே பாதிதான் கேட்டது.

நான் பையிலிருந்து ஆறு சுருளையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். கண்ணாடியைக் கேட்டார். முற்றத்துப் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நூலாக அவிழ்த்துச் சத்தமாகப் படித்தார். உனக்கு வெட்கமாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்.

"மாஸ்டர் அவர்களுக்கு. கடிதம் கிடைத்தது. அதை நினைத்துக்கொண்டே தைத்ததில், ஒரு ஜாக்கெட்டின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இனிமேல் சனிக்கிழமை வையுங்கள். அன்று வேலை குறைவு."

அப்பா சிரித்தார். எங்களைச் சிரிக்கவைக்கிற சிரிப்பு இல்லை. தனக்கே தனக்கென்று சிரித்தார்.

நாலாவது சுருளில்தான் மனுஷர் மாட்டிக்கொண்டார். "பதிலே வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறீர்கள். வைத்ததை எடுத்துக்கொண்டு இது என்ன பேச்சு என்று முதலில் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. கடிதம் வேறு யார் கையிலாவது சிக்கினாலும் என் பெயர் கெடக்கூடாது என்றுதானே அப்படி எழுதுகிறீர்கள்? இவ்வளவு யோசிக்கிற ஆண்பிள்ளையை நான் கண்டதில்லை."

நீ வைத்ததெல்லாம் பலகைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அவர் எடுத்துக்கொண்டார் என்று நினைத்திருக்கிறாய். அவரோ பதிலே வரவில்லை என்று உண்மையாகவே புலம்பியிருக்கிறார். நீ அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காதலித்திருக்கிறாய்.

"நான் நெசமாத்தேன் எழுதுனேன். எம் மேல இம்புட்டு நல்ல எண்ணமா வச்சிருந்தா?" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார்.

கடைசிச் சுருள் வெள்ளை நூல். வீட்டுக்கு வந்து கேட்கலாமா என்று அவர் எழுதினதற்கு உன் பதில். "ஞாயிறு பூசை முடிந்து வாருங்கள். என் அப்பாவிடம் நானே சொல்லிவைக்கிறேன். வெள்ளைப் பணியாரம் சுடுகிறேன். வராமல் இருந்துவிடாதீர்கள்."

அந்தச் சீட்டைப் படிக்காமலே அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் வருவார் என்று தெரிந்தே நீ அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாய். நீ சொல்லித்தான் வந்தார் என்று நீ நினைத்தாய், துணிந்து தானாக வந்தேன் என்று அவர் நினைத்தார். இதற்கு மேல் ஒரு கல்யாணத்துக்கு என்ன பொருத்தம் வேண்டும்?

"சகாயத்துக்கு ஃபோனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றார். தேவகோட்டையில் மாமியார் வீட்டில் சாப்பாட்டில் இருந்தான் தம்பி. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலில் வாசகம் படிக்கிற மாதிரி சொன்னார். "உங்கம்மா சொன்னது சத்தியம். ஆறு பதில் எழுதியிருக்கா. நான் தப்பான பக்கம் தேடியிருக்கேன். லூர்து மேல ஒரு குத்தமும் இல்லை."

"அப்ப இம்புட்டு வருசமா நீங்க சொன்னது?" என்று ஆரம்பித்தான் அவன்.

"வாயை மூடுறா. நீயும் கூடச் சேந்து சிரிச்சவன்தேன்."

எனக்கும் சேர்த்துத்தான் அது. உன்னைப் பார்த்து நான்தான் அதிகம் சிரித்தவள். ஆஸ்பத்திரியில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், சரியான குரலில். நம்புகிறேன் அம்மா. சீட்டு கிடைத்ததால் நம்புகிறேன் என்பதுதான் எனக்கு வெட்கம். வெறும் உன் வார்த்தைக்கே நம்பியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இப்போதைய நிலவரம் இது. திங்கட்கிழமையிலிருந்து அப்பா ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார். ஆறு கடிதத்துக்கு ஆறு பதில். நான் டீ கொண்டுபோனால் கையால் மறைத்துக்கொள்கிறார், எண்பது வயசில். என் தையல் பெட்டியிலிருந்து நூல் காணாமல் போகிறது. நேற்று பச்சை நூல் இன்னொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "பாக்கி வைக்கக் கூடாதுத்தா, ரொம்ப வருசமாக் காத்துக்கிட்டிருந்திருக்கா" என்கிறார்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. மாலை, மெழுகுவர்த்தி எல்லாம் சகாயம் பொறுப்பு. பணியாரம் என் பொறுப்பு, உன் கைப்பக்குவம் வராது, திட்டாதே. உன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு பதிலையும் தானே படிக்கப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்துக்கு இப்போது பின்பக்கமும் ஒரு வாசல் திறந்திருக்கிறார்கள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னேன். அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஏத்தா, உங்கம்மா எந்த வாசல்லருந்து எண்ணுவா?"

நீ ஒன்றும் எண்ண வேண்டாம் அம்மா, அவரையும் நான் எண்ணவிட மாட்டேன். கையைப் பிடித்து நேரே உன் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். இந்தத் தடவை உனக்கு வர வேண்டியது உன்னிடமே வந்து சேரும். இது என் சத்தியம்.

இப்படிக்கு,
அப்பா கட்சியை விட்டு உன் கட்சிக்கு வந்துவிட்ட
உன் மகள் ஜெசிந்தா