நான் வெளியேறினால் நின்றுபோகும் கணினி

மட்டாஞ்சேரி

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? இன்று காலை மிளகுக் கிடங்கு அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணினியின் ஒயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். பலனில்லை. மற்றவர்கள் லாக் அவுட் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. நான் செய்தால் மட்டும் நின்றுவிடுகிறது. திரும்ப எழ அரை மணி நேரமாகிறது.

"சேச்சி போகண்டா, கம்ப்யூட்டர் தாங்காது" என்று, அக்கா போக வேண்டாமென்று மலையாளத்தில் சொல்லிச் சிரிக்கிறான் உடன் வேலைபார்க்கும் விபின். அதனால் ஒரு மாதமாக லாக் அவுட் செய்யாமலே வீட்டுக்குப் போகிறேன். எல்லோரும் என் பெயரிலேயே வேலை செய்கிறார்கள். நேற்று யாரோ ஈர மிளகுக்கு 'உலர்ந்தது' என்று சான்றிதழ் அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக முதலாளி என்னிடம் விளக்கம் கேட்டார். கவலைப்படாதீர்கள்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை இங்கே வரும் சங்கர்ராம் மாமாவிடம் கொடுத்தனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள்.

இங்கே யாரிடமும் சொல்லவில்லை: கணினி நின்றாலும் சரி, இன்று லாக் அவுட் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஸுப்ரியா