காப்பிக்கொட்டை வறுத்த மூன்று நாள்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் செல்ல மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நான் காப்பிக்கொட்டை வறுக்கப் படித்துவிட்டேன். சிரிக்காதே.

முதல் நாள், பொரி வறுப்பதுபோல ஆற்றுமணலைச் சுடவைத்து அதில் கொட்டையைப் போட்டேன். "பொரியும்னு காத்துக்கிட்டு இருக்கியளாக்கும்?" என்று உன் அம்மை கேட்டாள். பொரியவில்லை, குடித்தபோது பல்லில் மணல் கடிபட்டதுதான் மிச்சம். மறுநாள் வெறுஞ்சட்டியில் போட்டு, அவளோடு வாயாடிக்கொண்டே இருந்ததில் எல்லாம் கரியாகிவிட்டது. மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டு, கை ஓயாமல் பையக் கிண்டினேன். கொட்டை படபடவென்று வெடித்துப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்ததும் இறக்கினேன். தெருவே மணத்தது.

தீபாவளியன்று மாப்பிள்ளை காப்பி கேட்டபோதும் இந்த வாயை மூடியிருக்கலாம். காப்பியும் கள்ளைப்போல ஒரு போதை என்று நம்பியிருந்தவன், "இது வீடா, சாராயக்கடையா?" என்று கேட்டுவிட்டேன். இலையில் உட்காராமல் போனவர் இன்றுவரை நம் வாசலை மிதிக்கவில்லை.

இத்துடன் ஒரு பொட்டணம் காப்பித்தூள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நானும் ஒரு தம்ளர் குடித்தேன், உயிரோடுதான் இருக்கிறேன். அவருக்குப் போட்டுக் கொடு. தூளில் குறை இருந்தால் உன்னிடம் சொல்லக்கூடாது. பொங்கலுக்கு இங்கே வந்து, என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா