சீஎக்ஸைக் காலி செய்தவன்

ஜூலை 15, செவ்வாய்

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் இந்த அசெம்பிளி மொழியைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்! மூவ் என்று கட்டளை போட்டால் எண் இடம் மாற வேண்டுமா இல்லையா? மாறவில்லை. பழைய இடத்திலும் அதே எண் குந்திக்கொண்டிருக்கிறது. ரெஜிஸ்டர் என்பது ப்ரொசெஸருக்குள் இருக்கும் சின்னப் பெட்டியாம். உம்மாவின் அடுப்படி டின் மாதிரி, கொஞ்சம்தான் இருக்கிறது. புது எண் வந்தால் பழையது போச்சு. எங்கே போச்சு? எங்கேயும் இல்லை.

"எண்ணுறதுக்கு சீஎக்ஸ் ரெஜிஸ்டர்" என்று சுஜிதன் சேர் பலகையில் எழுதினார். அது ஒன்றுதான் விளங்கியது.

ஜூலை 17, வியாழன்

சேர் எங்களைச் சோடி சோடியாகப் பிரித்தார். எனக்கு றுஸ்தி. ஒரே ப்ரோக்ராமில் பத்து எடைகளை ஒவ்வொன்றாகக் கூட்டுவது என் பங்கு. கூட்டக் கூட்ட வரும் தொகையைத் திரையில் காட்டுவது அவன் பங்கு. "லேசானத நீ எடுத்துக்கோ" என்றான். பெரிய மனசு!

ஜூலை 22, செவ்வாய்

மானம் போச்சு. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டோம். பத்து வரியோடு நிற்க வேண்டியது நிற்கவேயில்லை. எண்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. வகுப்பே சிரித்தது.

"சேர், என்ட பங்கு தனியா நல்லா ஓடுது. நிப்பாட்டுறது பஸ்லாட வேலை" என்று றுஸ்தி என்னைக் கை காட்டினான்.

என்னுடையதும் தனியாக நன்றாகத்தானே ஓடியது! வாயைத் திறப்பதற்குள் சேர் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை ஓடாவிட்டால் நான் இந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். நான் மட்டும்!

இரத்தோட்டை பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 23, புதன்

புடிச்சிட்டேன்!

ஒவ்வொரு கட்டளையாக ஓடவிட்டு ரெஜிஸ்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பத்துச் சுற்றையும் எண்ண நான் சீஎக்ஸில் பத்தை வைக்கிறேன். தொகையைக் காட்ட அவன் பகுதிக்குள் போனால், அவனும் இலக்கங்களை எண்ண அதே சீஎக்ஸைத்தான் எடுக்கிறான். வெளியே வரும்போது பூச்சியம். என்ட பத்து எங்கடா? அது தெரியாமல் என் சுற்று எப்படி நிற்கும்?

றுஸ்தியைப் போனில் கூப்பிட்டேன். "நீ தொடங்கக்குள்ள சீஎக்ஸ்ல ஈக்கிறத புஷ் பண்ணி ஸ்டாக்ல பத்திரமா வச்சிரு. முடியக்குள்ள பொப் பண்ணி திருப்பி எடு. ரெண்டே வரி."

"என்ட கோட்ல கை வைக்காத. ஓணும்னா உன்டதுல போடு."

என்னுடையதில் போட்டாலும் ஓடும். ஆனால் பிழை என்னுடையது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ச்சீ! திரும்பப் படிக்க என்னால் ஏலாது. போட்டேன். கீபோர்டைக் குத்திக் குத்தித் தட்டினேன், அவ்வளவு கோபம்.

ஜூலை 24, வியாழன்

றுஸ்தி தன் பங்கை பென் டிரைவில் கொண்டுவந்தான். நான் முகம் கொடுக்கவில்லை. ஓடவிட்டோம். பத்து வரி. நின்றது.

சேர் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் சீஎக்ஸ ரெண்டு இடத்துல புஷ் பண்ணியிருக்கீங்க?" என்றார்.

ரெண்டா? பார்த்தேன். அவன் பகுதியின் முதல் வரியிலும் ஒரு புஷ். திருடன்! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா?

என் பங்கில் போட்ட இரண்டு வரியையும் சேர் முன்னாலேயே அழித்தேன். மறுபடியும் ஓடவிட்டேன். பத்து வரி. நின்றது.

"அப்ப பிழை யார்ட பக்கம் இருந்திச்சு?" என்று சேர் கேட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் தரையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"என்ட பக்கம் சேர்" என்று முணுமுணுத்தான்.

"பின்னுக்கு ஈக்கிறவங்களுக்குக் கேக்கல்ல" என்றேன்.