நான் கையெழுத்துப் போடாத பத்திரம்

என் மகளுக்கு,

கோபமாக இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாத உன் அம்மா எழுதுவது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் பாதியில் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ கூரியரில் அனுப்பிய தானப் பத்திரம் திங்கட்கிழமை வந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடமெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். பதினொரு இடம். வீட்டை உன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதில் நான் ‘மகளின் அனுமதியோடு’ குடியிருக்கலாம் என்று நாலாவது பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் மூன்று தடவை படித்தேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். குஞ்சு மிதித்தால் கோழிக்கு வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் பேனாவைத் திறக்கவே இல்லை.

எதிர்வீட்டு டீச்சர் உனக்கு எடுத்து அனுப்பிய போட்டோவையும் பார்த்தேன். அதில், இனி எனக்குத் துணையாக இருக்கப்போகிறவர் நம் வீட்டு வாசலில் சிமெண்டுக் கையோடு நிற்கிறார். அந்தக் கையைப் பார்த்துத்தான் வீடு போய்விட்டது என்று பயந்தாயாமே. நடந்ததை நானே சொல்கிறேன், இனி டீச்சருக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

அவர் டைல் போடுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் தரை சமமாக இருக்கிறதா என்று அந்தக் கருவியை வைத்துப் பார்க்காமல் உட்காரமாட்டார். எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்குப் புதுத் தரை போட வந்தபோது பழக்கம். பன்னிரண்டாயிரம் ஃபைலை வெளியே எடுத்து, ஒன்றுகூட இடம் மாறாமல் திரும்ப வைத்துக் கொடுத்த மனிதர். இருபத்தாறு வருஷத்தில் அங்கே எந்த டாக்டரும் எடுத்த ஃபைலை எடுத்த இடத்தில் வைத்ததில்லை. பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம், சிரிக்காதே.

சேர்ந்து இருக்கலாம் என்று முடிவான மறுநாளே நான் வக்கீலம்மாவிடம் போனேன். நீ சொல்லியா போனேன்? அப்பா இறந்த மாதமே உன் சித்தப்பா அளவு டேப்போடு வந்து கூடத்தை அளந்தது எனக்கு மறக்குமா? ‘அண்ணன் பேர்ல இருக்கிற வீடு, அண்ணிக்கு என்ன இருக்கு’ என்று கேட்டார். மூன்று வருஷம் கோர்ட்டு வாசலில் நின்று மீட்ட வீடு இது. சூடு கண்ட பூனையடி நான். எந்த மகராசனை நம்பினாலும் பத்திரத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் நம்புவேன்.

வக்கீலம்மா முதல் நாளே கறாராகச் சொன்னார். அவர் குடிவருவதற்கு முன்னால் ஒப்பந்தம் எழுதவேண்டும், அவருக்கென்று வேறு வக்கீல் பார்த்துப் படித்துச் சொல்லவேண்டும், அதுவரை வீட்டில் அவர் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. வீட்டுக்குச் செலவழித்தேன், உழைத்தேன் என்று பின்னால் பங்கு கேட்க அதுவே வழியாகிவிடுமாம். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் நான் பயிற்சிக்காக நாலு நாள் வெளியூர் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் குளியலறைத் தரை முழுக்கப் புதுசு! மழைக்காலத்தில் நான் அங்கே வழுக்கி விழுந்ததை எப்போதோ சொல்லியிருந்தேனாம். கேட்டால், ‘ஆணிதானே அடிக்கக் கூடாதுன்னாங்க, டைலுக்கு ஆணி கிடையாதே’ என்கிறார். டீச்சர் போட்டோ எடுத்தது அன்றைக்குத்தான்.

வக்கீலம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். ‘இவரு நல்லவராவே இருக்கட்டும்மா. நாளைக்கு இவரு வாரிசு எவனாவது வந்து எங்க பெரியப்பா கட்டின வீடுன்னு நின்னா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டார். மறுநாள் காலையில் இந்த மனிதர் சுத்தியலோடு வந்து நிற்கிறார். ‘பேத்து எடுத்துடறேன், உனக்கு வம்பு வேணாம்’ என்கிறார், முகம் தொங்கிப்போய். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சுத்தியலைப் பிடுங்கி உள்ளே வைத்தேன்.

கடைசியில் அதையும் எழுதியாயிற்று. ‘குளியலறையில் பதித்த நூற்றுப் பன்னிரண்டு டைல்களும் விருப்பத்தோடு கொடுத்தவை, அதற்காக எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று தனி வரி. எண்ணிச் சொன்னது அவர்தான். அவருடைய வக்கீல், ‘இதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே, யோசிச்சுப் போடுங்க’ என்று எச்சரித்தாராம். இவர் படித்துப் பார்த்துப் போட்டார்.

வீடு என்னுடையது. நான் இருக்கும் வரை என் ஒருத்தியுடையது. எனக்குப் பிறகு உனக்கு என்று உயிலும் எழுதிவிட்டேன். அதில் ஒன்றே ஒன்று உண்டு. நான் முந்திக்கொண்டால் அவர் ஒரு வருஷம் இங்கே இருந்துவிட்டுத்தான் கிளம்புவார். அவர் கேட்டது மூன்று மாதம். ஒரு வருஷம் என்று போட்டது நான். அதை நீ கோர்ட்டுக்குப் போனாலும் மாற்ற முடியாது. ரெக்கார்டு ரூம்காரி எழுதி வைத்தது, ஓட்டை இருக்காது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சித்தப்பாகூடப் போன் செய்து, ‘இந்த வயசுல இது தேவையா அண்ணி’ என்றார். ‘கூடத்தை மறுபடி அளக்கணும்னா வாங்க, இப்ப வீட்டுல டேப்பு இருக்கு’ என்றேன். வைத்துவிட்டார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஆனால் நேற்று அந்தப் பெருக்கல் குறிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. கேஸ் தொடங்கிய வருஷம் உனக்கு ஒன்பது வயசு. ஸ்கூல் பையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு தூங்குவாய். ஏன் என்று கேட்டதற்கு, ‘திடீர்னு போகச் சொன்னா நோட்டெல்லாம் விட்டுப்போயிடும்’ என்றாய். இத்தனை பெரிய வேலையில் இருந்தும் உனக்கு அந்தப் பயம் போகவில்லை என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே. இது பணத்தாசையில் அனுப்பிய பத்திரம் இல்லை. நான் முதல் நாளே புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் அம்மாவை மன்னித்துவிடு. உன்னை இந்த வீட்டிலிருந்து எழுப்ப இனி எவனுக்கும் முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வருகிறார். இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், அவ்வளவுதான் சாமான். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. இருபது வருஷம் தனியாக இருந்துவிட்டேன், போதும்.

ஆனால் அன்றைக்கு ஒன்பதரைக்கு ஒரு போன் செய். ‘சந்தோஷமா இரும்மா’ என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாலும் போதும். நீ சொல்லாவிட்டாலும் பத்து மணிக்கு நான் கதவைத் திறக்கத்தான் போகிறேன். இருந்தாலும் சொல்லிவிடு, கண்ணு.

நீ எங்கே இருந்தாலும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா